மாத்திரை எங்கே காத்திருக்கிறது?

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் சில எழுத்துகளும் எண்களும் அச்சாகியிருக்கும். அதுதான் தொகுதி எண். தொழிற்சாலையில் ‘பேட்ச் நம்பர்’ என்பார்கள். ஒன்றாக எடைபோட்டு, ஒன்றாகக் கலந்து, ஒரே ஓட்டமாக அழுத்தி எடுத்த லட்சக்கணக்கான மாத்திரைகளுக்குப் பொதுவான அடையாளம் அது. அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த மூலப்பொருள் அதில் சேர்ந்தது, எந்த இயந்திரத்தில் ஓடியது, எடைபோட்டவர் யார், சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் யார் என்பது வரை ஆலையால் சொல்ல முடியும்.

இவ்வளவும் சொல்லும் ஆலையிடம் வேறொரு கேள்வியைக் கேட்டால் பதில் வரச் சற்று நேரமாகும். இந்தத் தொகுதி உள்ளே நுழைந்து வெளியேறும்வரை எத்தனை நாள் ஆனது? அதில் எத்தனை மணி நேரம் அதன்மீது வேலை நடந்தது? மிச்ச நேரமெல்லாம் அது எங்கே, எதற்காகக் காத்திருந்தது?

இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே தாளில் பதில் சொல்லும் முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங்’ என்கிறார்கள். தமிழில் ‘மதிப்போடை வரைபடம்’ எனலாம். நோயாளிக்குப் பயன்படும் மதிப்பு ஓடையைப் போல ஓடி வருகிறது. அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று வரைந்து பார்ப்பதுதான் இதன் வேலை.

துவாஸ் பக்கம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் இந்தச் சொல்லைப் பயிற்சி வகுப்பிலாவது கேட்டிருப்பார்கள். ஜோகூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மருந்தாக்க ஆலைகளில் இருப்பவர்களுக்கும் இது புதிதாக இருக்காது. ஆனால் இது ஏதோ மேலாளர்களின் காகித விளையாட்டு என்று நினைப்பவர்களே அதிகம். சரியாகச் செய்தால் இது ஊழியர் பக்கம் நிற்கும் கருவி. அதைவிட, மருந்துக்காகக் காத்திருப்பவர் பக்கம் நிற்கும் கருவி.

டொயோட்டாவிலிருந்து வந்த தாள்

இந்த முறையின் வேர் டொயோட்டா கார் நிறுவனத்தில் இருக்கிறது. பொருள் எப்படி நகர்கிறது, அதை நகர்த்தும் தகவல் எப்படி நகர்கிறது என்ற இரண்டையும் ஒரே படத்தில் வரையும் பழக்கம் அங்கே இருந்தது. மைக் ரோதர், ஜான் ஷூக் என்ற இருவர் அதை ஒழுங்குபடுத்தி 1990களின் இறுதியில் ‘லேர்னிங் டு சீ’ என்ற பயிற்சி நூலாக வெளியிட்டார்கள். பார்க்கக் கற்றுக்கொள்வது என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

அதற்குச் சற்று முன், 1996ல், ஜேம்ஸ் வோமக்கும் டேனியல் ஜோன்ஸும் எழுதிய ‘லீன் திங்கிங்’ நூலில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு கோலா டின், அலுமினியத் தாது சுரங்கத்தில் வெட்டப்படுவதிலிருந்து வீட்டுக் குளிர்பெட்டிக்குப் போவதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தம் 319 நாள். அதில் உண்மையான வேலை நடந்தது ஏறத்தாழ 3 மணி நேரம். மீதி நேரமெல்லாம் அது ஏதாவதொரு கிட்டங்கியில், கப்பலில், வரிசையில் கிடந்தது.

குளிர்பானம் தாமதமானால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. மருந்து அப்படியல்ல. 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மலேசியாவில் பல மருந்துக் கடைகளில் காய்ச்சல், இருமல் மருந்துகள் தட்டுப்பாடாகிப் பெற்றோர் கடைகடையாக அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். கொவிட் முடக்கம் தளர்ந்து நோய்கள் திரும்பியபோது தேவை திடீரென்று கூடியது. அப்படிக் கூடும்போது ஓர் ஆலை எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கும்? ஒரு தொகுதி உள்ளே நுழைந்து வெளியே வர எத்தனை நாள் பிடிக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது அது.

படம் வரைவது எப்படி?

முதல் விதி: ஆலை முழுவதையும் வரையாதீர்கள். ஒரே வழியாகப் போகும் ஒரு மருந்துக் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விதி: பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். கணினியில் உள்ள சராசரி எண்கள் வேண்டாம். இன்று கண்ணில் படும் எண்கள் வேண்டும். சரக்கு வெளியேறும் வாசலிலிருந்து பின்னோக்கி நடப்பது நல்லது. அப்போது ஒவ்வொரு கட்டத்தையும் அதற்கு அடுத்து நிற்பவரின் கண்ணால் பார்ப்பீர்கள்.

மூன்றாவது விதி: தனியாகப் போகாதீர்கள். இயந்திரம் ஓட்டுபவர், ஆய்வுக்கூடத்தில் சோதிப்பவர், தர உறுதிப் பிரிவில் ஆவணம் பார்ப்பவர், உற்பத்தித் திட்டம் போடுபவர் ஆகிய நால்வரும் கூட வர வேண்டும். பல ஆலைகளில் இந்த நால்வரும் ஒன்றாக நடந்து பார்த்ததே இருக்காது.

குறியீடுகள் எளிமையானவை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கீழே அந்த வேலைக்கு ஆகும் நேரம், ஆட்கள் எத்தனை பேர், ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சுத்தம் செய்ய எவ்வளவு நேரம், முதல் முறையிலேயே சரியாக வருவது எத்தனை விழுக்காடு என்று எழுதுகிறோம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் சரக்கு கிடந்தால் ஒரு முக்கோணம். எத்தனை தொகுதி, எத்தனை நாள் என்று அதற்குள். தாளின் மேற்பகுதியில் தகவல் வரும் பாதை: மாதாந்தரத் திட்டம், மின்னஞ்சல், தொலைபேசி, ‘அவசரம்’ என்று ஒட்டப்பட்ட சீட்டு எல்லாம் அங்கே வரும். அடியில் கோட்டைச் சுவர் போல ஏறி இறங்கும் ஒரு கோடு. ஒரு மட்டத்தில் காத்திருந்த நேரம், மற்ற மட்டத்தில் வேலை நடந்த நேரம். கடைசியில் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்கிறோம்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, நம் வீடுகளில் பலருக்கும் பழக்கமான மெட்ஃபார்மின் போன்ற ஒரு நீரிழிவு மாத்திரையை வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை; எந்த ஆலையுடையவையும் அல்ல.

வேலை நேரம் முதலில். மூலப்பொருளை எடைபோட 3 மணி. குருணையாக்கி உலர்த்த 8 மணி. கலக்க 1 மணி. மாத்திரையாக அழுத்த 10 மணி. மேல்பூச்சு பூச 8 மணி. அட்டையில் அடைத்துப் பெட்டியில் போட 12 மணி. மொத்தம் 42 மணி நேரம். இரண்டு நாளுக்கும் குறைவு.

இனி காத்திருப்பு. மூலப்பொருள் வந்திறங்கிச் சோதனை முடிவு வரும்வரை கிட்டங்கியில் 12 நாள். எடைபோட்ட பின் 1 நாள், உலர்த்திய பின் 2 நாள், கலந்த பின் 2 நாள், அழுத்திய பின் 3 நாள், பூச்சு முடிந்து அடைக்கும் இயந்திரம் காலியாகும்வரை 4 நாள். இப்படி வேலைகளுக்கு நடுவில் மட்டும் 12 நாள். அடைத்த பின் இறுதிச் சோதனைக்கு 7 நாள். அந்தத் தொகுதியின் ஆவணங்களைச் சரிபார்த்து ‘வெளியே அனுப்பலாம்’ என்று கையெழுத்தாக 8 நாள். மொத்தம் 39 நாள்.

வேலையையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 41 நாள். அதில் வேலை நடந்தது நூற்றுக்கு நான்கு பங்கு சொச்சம்.

இப்போது மேலாளர் ஒருவர் வேகமான அழுத்து இயந்திரம் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும் செலவு. 10 மணி நேர வேலை 5 மணி நேரமாகிறது. நோயாளிக்கு மருந்து எவ்வளவு முன்னதாக வந்து சேரும்? 41 நாளில் 5 மணி நேரம். அதுவும் நிச்சயமில்லை. அழுத்தி முடித்த மாத்திரை அடுத்த கட்டத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இயந்திரத்தின் முன் நிற்கும் தொழில்நுட்பரிடம் ‘இன்னும் வேகமாக’ என்று சொல்வதன் பயனும் இதுதான். படம் இருந்தால் அவர் விரலை வைத்துக் காட்டலாம்: நாள்கள் போனது இங்கே இல்லை, அங்கே.

எல்லாரும் திறமைசாலிகள், ஆனாலும் தாமதம்

அப்படியென்றால் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் சோம்பேறிகளா? இல்லை. படத்தின் அருமையே இங்கேதான் இருக்கிறது.

மருந்தின் அளவைச் சோதிக்க எச்பிஎல்சி என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். அதை ஓட்டுமுன் கரைசல் தயாரிக்க வேண்டும், கருவியை நிலைப்படுத்த வேண்டும், தரமாதிரியை ஓட்டிக் கருவி சரியாக இருக்கிறதா என்று நிரூபிக்க வேண்டும். சோதிப்பது ஒரு தொகுதியோ ஐந்து தொகுதியோ, இந்த முன்வேலை ஒன்றுதான். எனவே ஆய்வாளர் ஐந்து தொகுதி சேரும்வரை காத்திருந்து ஒன்றாக ஓட்டுகிறார். ஆய்வுக்கூடக் கணக்கில் அது சிக்கனம். முதலில் வந்த தொகுதிக்கோ அது பல நாள் தவம்.

ஆவணப் பிரிவிலும் இதே கதைதான். ஒரு தொகுதியின் ஆவணம் தடித்த கட்டாக வரும். ஒவ்வொரு எடைக்கும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் இரண்டு கையெழுத்து. எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் அந்தக் கட்டு சரிபார்ப்பவரின் மேசைக்குப் போகிறது. நாற்பதாவது பக்கத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி விடுபட்டிருக்கிறது. எழுதியவர் இரவு வேலையில் இருக்கிறார், அல்லது விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறார். அவர் வந்து விளக்கம் எழுதும்வரை லட்சக்கணக்கான மாத்திரைகள் கிட்டங்கியில் உட்கார்ந்திருக்கும்.

திட்டம் போடுபவரும் தன் பங்குக்குச் சரியாகத்தான் செய்கிறார். மருந்து மாறும்போது இயந்திரத்தைக் கழுவி, துடைத்தெடுத்த மாதிரியைச் சோதித்து, முந்தைய மருந்தின் மிச்சம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அந்தச் சிரமத்தைக் குறைக்க ஒரே மருந்தை வரிசையாகப் பல தொகுதிகள் ஓட்டுகிறார். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகள் ஒரு வாரம் மலையாக வந்து குவிகின்றன, மறுவாரம் வெறிச்சோடுகிறது.

ஒவ்வொருவரும் தன் வாசலைச் சுத்தமாகப் பெருக்குகிறார். குப்பை அடுத்தவர் வாசலில் சேர்கிறது. முழுத் தெருவையும் பார்க்க யாருக்கும் பொறுப்பில்லை. மதிப்போடை வரைபடம் அந்தத் தெருவைக் காட்டுகிறது.

வரிசையைக் குறை, நாள் குறையும்

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961ல் கணித முறையில் நிறுவிய ஒரு விதி இங்கே கைகொடுக்கும். உள்ளே கிடப்பவற்றின் எண்ணிக்கையை, வெளியேறும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும். பலதுறை மருந்தகத்தில் உங்களுக்கு முன்னால் 30 பேர் இருக்கிறார்கள், மணிக்கு 15 பேர் பார்க்கப்படுகிறார்கள் என்றால் 2 மணி நேரம் ஆகும் என்று நாமே கணக்கிடுவோமே, அதேதான்.

நம் ஆலையில் 20 தொகுதிகள் உள்ளே கிடக்கின்றன, இரண்டு நாளுக்கு ஒன்று வெளியேறுகிறது என்றால் ஒரு தொகுதி வெளிவர 40 நாள். உள்ளே இருப்பதை 10 தொகுதியாகக் குறைத்து, அதே வேகத்தில் வெளியேற்றினால் 20 நாள். யாரும் வேகமாக ஓட வேண்டியதில்லை. ஒன்று வெளியே போன பிறகுதான் அடுத்ததை உள்ளே விட வேண்டும்.

கேட்க எளிது, செய்யக் கடினம். இயந்திரம் சும்மா நிற்பதைப் பார்க்க மேலாளர்களுக்குப் பொறுக்காது. ‘ஓட்டி வைத்துக்கொள்வோம், பிறகு பயன்படும்’ என்பார்கள். அப்படி ஓட்டி வைத்ததெல்லாம் படத்தில் முக்கோணங்களாக வரும்.

எதிர்காலப் படம்

இன்றைய நிலையை வரைந்த பிறகு இரண்டாவது படம் ஒன்று வரைய வேண்டும். சில மாதங்களில் எப்படி இருக்க வேண்டும் என்பதன் படம் அது. இது இல்லாவிட்டால் முதல் படம் சுவரலங்காரம்தான். நம் எடுத்துக்காட்டில் என்னென்ன மாற்றலாம்?

ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாள்தாளம் வைக்கலாம். திங்களும் வியாழனும் இந்த மருந்தின் சோதனை என்று நிலையாக வைத்து, அதற்கேற்ப உற்பத்தித் திட்டத்தைச் சமப்படுத்தலாம். மூலப்பொருள் சோதனை 12 நாளிலிருந்து 7 நாளாகவும், இறுதிச் சோதனை 7 நாளிலிருந்து 4 நாளாகவும் குறையும் என்று வைத்துக்கொள்வோம். சோதனை ஒன்றுகூட விடப்படவில்லை. வரிசை மட்டுமே குறைந்தது.

ஆவணத்தை இறுதியில் மொத்தமாகப் பார்க்காமல், ஒவ்வொரு கட்டமும் முடிந்த அன்றே மேற்பார்வையாளர் பார்த்துவிடலாம். விடுபட்ட தேதி அன்றே பிடிபடும். எழுதியவரும் பக்கத்திலேயே இருப்பார். மின்னணு ஆவண முறை உள்ள ஆலைகளில், வரம்புக்குள் இருக்கும் பதிவுகளைக் கணினியே ஒழுங்குபடுத்திவிட, வரம்பு மீறியவற்றை மட்டும் மனிதர் ஆழ்ந்து பார்க்கிறார்கள். 8 நாள் 2 நாளாகலாம்.

உள்ளே விடும் தொகுதிகளுக்கு உச்சவரம்பு வைத்தால் வேலைகளுக்கு நடுவில் உள்ள 12 நாள் 5 நாளாகலாம். கூட்டிப் பாருங்கள்: 7, 5, 4, 2. மொத்தம் 18 நாள் காத்திருப்பு. 42 மணி நேர வேலையையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 நாள். முன்பு இருந்ததில் பாதி. புதிய இயந்திரம் வாங்கவில்லை. யாரையும் விரட்டவில்லை.

எந்தக் காத்திருப்பில் கைவைக்கக்கூடாது?

கார் ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே வருகிறது. மருந்து ஆலையில் எல்லாக் காத்திருப்பும் வீணல்ல. சில காத்திருப்புகள் காவல் நிற்கின்றன.

ஊசி மருந்து, கண் சொட்டு மருந்து போன்றவற்றில் கிருமி இல்லை என்று நிரூபிக்கும் வழக்கமான சோதனையில், மாதிரியை ஊட்டக் கரைசலில் வைத்துக் குறைந்தது 14 நாள் பார்க்க வேண்டும். ஒரு கிருமி இருந்தாலும் அது பெருகிக் கண்ணுக்குத் தெரிய அவகாசம் வேண்டும். படத்தில் அது 14 நாள் காத்திருப்பாகத்தான் தெரியும். அதை ‘வீண்’ என்று சிவப்பு மையால் அடித்துவிட முடியாது. வேறொரு விரைவுமுறை அதே அளவு நம்பகமானது என்று நிரூபித்து, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் பெற்றால்தான் மாற்றலாம்.

மூலப்பொருள் சோதனையும் அப்படித்தான். 2022ல் காம்பியாவில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்துடன் இருமல் மருந்துகள் தொடர்புபடுத்தப்பட்டு உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. 2025ல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டையெத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு அதிகாரிகளின் சோதனை காட்டியது. இனிப்பான திரவ மருந்துகளில் கரைப்பானாகச் சேர்க்கும் பொருள்களில் இந்த நச்சு கலந்திருக்கிறதா என்பதை, மூலப்பொருள் ஆலைக்குள் வந்திறங்கும்போதே சோதித்துக் கண்டுபிடித்துவிட முடியும்.

ஆகவே படத்தின் முன் நிற்கும் குழு ஒவ்வொரு முக்கோணத்தையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த நாள்களில் மருந்தைப் பற்றி நாம் எதையாவது தெரிந்துகொள்கிறோமா, அல்லது மருந்து சும்மா கிடக்கிறதா? 12 நாள் காத்திருப்பில் சோதனைக்கு 2 நாள், வரிசைக்கு 10 நாள் என்றால், அந்த 2 நாளைத் தொடக்கூடாது. 10 நாளை விடக்கூடாது. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் ‘செயல்திறன்’ பேசுவது மருந்துத் துறையில் ஆபத்து. அது செய்யப்பட்டுவிட்டால், தரத்துக்கும் வேகத்துக்கும் இருப்பதாக நாம் நினைக்கும் சண்டை பெருமளவு ஓய்ந்துவிடும்.

உலகம் கண்ட மாற்றங்கள்

முழு வழியையும் பார்த்துச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொவிட் காலம் ஒரு சாட்சி. ஃபைசர் நிறுவனத்தின் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் மூன்று ஊர்கள் கைகோத்தன. மிசூரி மாநிலத்தின் செஸ்டர்ஃபீல்டில் டிஎன்ஏ தயாரானது. மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் அதிலிருந்து எம்ஆர்என்ஏ. மிச்சிகனின் கலமசூவில் அதைக் கொழுப்புத் துளிகளில் பொதிந்து குப்பிகளில் நிரப்பினார்கள். தொடக்கத்தில் முழுவழிக்கும் 110 நாள் ஆனது. அதைச் சராசரியாக 60 நாளாகக் குறைக்கப்போவதாக 2021 பிப்ரவரியில் நிறுவனம் சொன்னது. 16 நாள் எடுத்த டிஎன்ஏ கட்டம் 9 அல்லது 10 நாளாகும் என்றது.

புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில் இந்த நாள்கணக்கு இன்னும் நெருக்கமானது. நோயாளியின் உடலிலிருந்தே நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, ஆலைக்கு அனுப்பி, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப அவர் உடலிலேயே செலுத்துகிறார்கள். இங்கே ஒரு தொகுதி என்பது ஒரு மனிதர். முக்கோணத்துக்குள் எழுதும் ஒவ்வொரு நாளும் அவர் மருத்துவமனைக் கட்டிலில் எண்ணும் நாள். யெஸ்கார்டா என்ற மருந்தின் தயாரிப்பு முறையில் ஒரு மாற்றத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. அணுக்கள் எடுத்ததிலிருந்து மருந்து தயாராவதுவரையான இடைநிலைக் காலம் 16 நாளிலிருந்து 14 நாளாகக் குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இரண்டே நாள்தான். வேகமாகப் பரவும் இரத்தப் புற்றுநோய் உள்ளவரின் குடும்பத்தைக் கேட்டால் அந்த இரண்டு நாளின் மதிப்பைச் சொல்வார்கள்.

இன்னொரு வழி, முக்கோணங்களையே ஒழிப்பது. எடைபோடுவதிலிருந்து மாத்திரையாவதுவரை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகச் செய்வதைத் தொடர் உற்பத்தி என்கிறார்கள். எச்ஐவி மருந்தான பிரெசிஸ்டாவைத் தொகுதி முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்ற, 2016 ஏப்ரலில் ஜான்சென் நிறுவனத்துக்கு அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் தந்தது. அப்படி மாறிய முதல் மருந்து அதுதான். கருவிகள் ஓட்டத்தின் நடுவிலேயே தரத்தை அளக்கின்றன. ஆனால் அது பெரும் முதலீடு கேட்கும் வழி. பென்சிலும் தாளும் எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகும்.

எண் பொய் சொல்லாமல் இருக்க

இந்த முறை தோற்கும் இடங்களும் உண்டு. படம் வரைந்த மறுமாதம் ஆட்குறைப்பு வந்தால், அடுத்த முறை யாரும் உண்மையான எண்ணைத் தர மாட்டார்கள். 8 மணி நேர வேலையை 10 மணி என்பார்கள். மேசையில் கிடக்கும் ஆவணக் கட்டுகளை அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். மிச்சமாகும் நேரத்தை என்ன செய்யப்போகிறோம் என்பதை முதல் நாளே ஊழியர்களிடம் சொல்லிவிடுவது நேர்மை மட்டுமல்ல, படம் சரியாக வருவதற்கான நிபந்தனையும்கூட.

ஆலோசகர் ஒருவர் வந்து, மூன்று நாளில் வண்ணவண்ணமாக வரைந்து, மாட்டிவிட்டுப் போவது இன்னொரு தோல்வி. எதிர்காலப் படத்தின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். மருந்துத் துறையில் மாற்றம் என்றால் அதற்கென உள்ள மாற்றக் கட்டுப்பாட்டு நடைமுறை வழியாகப் போக வேண்டும். சில மாற்றங்களுக்கு சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும், மலேசியாவில் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடமும் முன்னதாக ஒப்புதல் பெற வேண்டும். அந்த நாள்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளான இளையர்கள் இதற்கு மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கையைத் தாண்டிப் போகும் ஒரே ஒரு தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வந்த தேதி, நீங்கள் தொட்ட தேதி, உங்களை விட்டுப் போன தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்களுக்கு முன்னால் இருப்பவரிடமும் பின்னால் இருப்பவரிடமும் அதே மூன்று தேதிகளைக் கேளுங்கள். ஐந்து பேரிடம் கேட்டு முடிப்பதற்குள் பெரிய முக்கோணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள். யார்மீதும் குறை சொல்லாமல், ‘இது இங்கே ஏன் ஒன்பது நாள் இருந்தது?’ என்று மட்டும் கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் தேடத் தொடங்கினாலே, எங்கோ ஒரு வீட்டில் காலியான மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு மருந்து சில நாள் முன்னதாகக் கிடைக்க வழி பிறக்கும்.